சண்முகவடிவின் ஊற்றுத் தண்ணீர் டீ

கீழவைப்பாருக்குப் போகும் சாலையில் டீக்கடை வைத்திருக்கும் சண்முகவடிவு டீ குடிக்க மாட்டார். காலையில் பழைய சோற்று நீத்தண்ணி, மாலையிலும் நீத்தண்ணி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததெல்லாம் இதனால் நடந்தது.

அவர் கடை டீக்குப் பேர் வந்தது தண்ணீரால். கடைக்குப் பின்னால், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணலுக்குள் ஓர் ஊற்று இருக்கிறது. இளநீர் மாதிரி இனிக்கும். ஆனால் தேங்காய்ச் சிரட்டையால்தான் மொள்ள வேண்டும். நல்ல தண்ணீர் மேலாகப் பாலேடுபோல் நிற்கிறது. அடியில் இருப்பது உப்புத் தண்ணீர். அவசரப்பட்டு நிறைய இறைத்தால் அது மேலே ஏறிவிடும். ஊருக்கே தெரிந்த விஷயம். சண்முகவடிவுக்கும் தெரியும்.

போன பங்குனியில் எதிரே லிங்கராஜ் டீக்கடை போட்டார். கண்ணாடி அலமாரி, வரிசையாகக் கேன் தண்ணீர்.

"கேன் தண்ணியில போடுததெல்லாம் டீயாலே?" என்று சாலைக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டார் சண்முகவடிவு.

"கோயில் கொடைக்குக் கூட்டம் எந்தக் கடைக்கு வருதுன்னு பாப்போம் மைனி."

"உன் கடைக்கு வந்துச்சுன்னா நானே வந்து உனக்கு கிளாஸ் கழுவுதேன். போலே!"

பஸ்சுக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் இதைக் கேட்டார்கள்.

கொடைத் திருவிழாக் கூட்டத்துக்குச் சிரட்டையால் மொண்டு தீராது. எனவே மெக்கானிக் பாண்டித்துரையிடம் பழைய மோட்டார் ஒன்றை வாங்கி ஊற்றில் இறக்கினார்.

"உப்பு ஏறிரும்க்கா" என்றார் பாண்டித்துரை.

"ஒரு நாளுல ஏறாதுலே. நீ வயரை மாட்டு."

கொடையன்று முதல் டீ உப்பளத்துக்காரர்களுக்குப் போனது. தங்கள் உதட்டில் ஒட்டியிருந்த உப்பு என்று நினைத்து அவர்கள் குடித்துவிட்டார்கள். அடுத்து வந்தவர்களுக்கு அப்படி நினைக்க வழியில்லை. ஆனால் சொல்லத் தைரியமும் இல்லை. முன்பு சீனி குறைவு என்று சொன்ன ஒரு லாரி டிரைவரின் கிளாஸில் விளிம்புவரை சீனியைக் கொட்டி, அவர் தின்று முடிக்கும்வரை இடுப்பில் கைவைத்து நின்றவர் சண்முகவடிவு.

ஆகவே "டீ எப்படி?" என்று கேட்டபோது எல்லோரும் "நல்ல சூடு" என்றார்கள். அது பொய்யில்லை. பிறகு காற்று வாங்குவதுபோல் கடைக்குப் பின்னால் போய், டீயை வேலியோரம் ஊற்றிவிட்டு, காலி கிளாஸை வைத்துவிட்டு, லிங்கராஜ் கடைக்குப் போனார்கள்.

மதியத்துக்குள் அங்கே நிற்க இடமில்லை. இங்கே ஈதான் இருந்தது.

"கொள்ளையில போவான், செய்வினை வச்சிட்டான்" என்று ஏசிக்கொண்டே விறகெடுக்கப் பின்னால் போன சண்முகவடிவு அப்படியே நின்றார். வேலியோரம் பதினேழு ஆடுகள். இருபதுக்கு மேல் என்று பாண்டித்துரை சொல்வது மிகை. ஒன்றுகூடத் தலை நிமிராமல் எல்லாம் தரையை நக்கிக்கொண்டிருந்தன.

"ஏலே பாண்டி, ஆடு எதுக்குலே மண்ணை நக்குது?" என்று மோட்டாரடியில் நின்ற பாண்டித்துரையைக் கேட்டார்.

"ஆட்டுக்கு உப்புன்னா உசுருல்லா."

"இங்கன ஏதுலே உப்பு?"

பாண்டித்துரை வானத்தைப் பார்த்தார்.

சண்முகவடிவு உள்ளே போய், தன் கையால் ஒரு டீ போட்டு, பிறந்ததிலிருந்து முதல் முறையாகக் குடித்தார். துப்பினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாலையைத் தாண்டினார்.

"கிளாஸ் எங்கனலே கெடக்கு?"

"வெளையாட்டுக்குச் சொன்னது மைனி, விடுங்க."

விடவில்லை. கழுவிக்கொண்டே லிங்கராஜின் வாடிக்கைக்காரர்களையும் கவனித்தார்.

"ஏம்வே மிச்சம் வைக்கீரு? பால் என்ன கடல்லயா ஊறுது?"

"இது மூணாவது டீயாக்கும்? வீட்டுல சோறு போடலையா?"

பொழுது சாய்வதற்குள் லிங்கராஜ் கடையிலும் ஈதான் இருந்தது.

"உங்க கடைக்கே போயிருங்க மைனி, கும்பிடுதேன்."

"ஊத்து இனிக்கட்டும், போறேன்."

அதன்பிறகு தினமும் காலையில் லிங்கராஜ் சிரட்டையோடு ஊற்றுக்குப் போய் ருசி பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார். ஒருநாள் அங்கிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தார்: "இனிச்சிட்டு மைனி! இனிச்சிட்டு!"

இப்போது பழையபடி சிரட்டைதான். மோட்டார் கடை வாசலில் கிடக்கிறது. நல்ல கனம் என்பதால் அதில் ஓர் ஆட்டைக் கட்டியிருக்கிறார் சண்முகவடிவு. டீயை முதலில் அதற்குத்தான் வைக்கிறார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டால்தான் அடுத்த கிளாஸ் நமக்கு வருகிறது.