எழுபது காட்டிய முள்

போன திங்கட்கிழமை என் மருமகன் எழுபதில் கார் ஓட்டினார். பின் சீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணியாக என் மகள். கல்முனை டவுனுக்குள், கிளினிக்கிற்குப் போகும் வழியில்... எழுபது.

"மகன், கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றேன்.

"மெதுவாத்தான் மாமா போறன். அம்பது கூட வராது."

ஐம்பது வராதா? ஸ்பீட் மீட்டர் முள் என் கண் முன்னால் எழுபதில் நிற்கிறது. மனிதர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

சந்தேகம் என் கூடப் பிறந்தது. பத்திரிகையில் இந்தப் பத்தியை வாராவாரம் வாசிப்பவர்களுக்கு அது தெரியும். மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டிய பிறகும் மணந்து பார்த்துத்தான் வாங்குவேன். ஆனால் மருமகன் விஷயம் வேறு. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஒரே வீடு, ஒரே கார், ஒரே சாப்பாட்டு மேசை. அங்கே ஒருவரை ஒருவர் பொய்யர் என்று நினைக்கத் தொடங்கினால் சோறு இறங்குமா?

நான் ஓட்டும்போது ஐம்பதைத் தாண்டுவதே இல்லை. கொஞ்ச நாளாக வைக்கோல் ஏற்றிய உழவு மெஷின்கூட என்னை முந்திப் போகிறது. ஊரில் எல்லோருக்கும் அப்படி என்ன அவசரம் என்று அலுத்துக்கொள்வேன்.

கிளினிக்கிலிருந்து வந்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "இனி மகள் இவரோட கார்ல போகத் தேவையில்ல. நான் கூட்டிப் போறன்." கார்த் திறப்பையும் சாவி வளையத்தோடு என் சேர்ட் பொக்கட்டில் போட்டுக்கொண்டேன்.

மருமகன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது. பின்னேரம், அலுமாரிக்கு மேலிருந்த பயணப் பையை இறக்கினார்.

"வியாழக்கிழமை இவவ நிந்தவூருக்கு, எங்கட உம்மா வீட்ட கூட்டிப் போறன் மாமா. புள்ள பெறுமட்டும் அங்க இரிக்கட்டும். உங்களுக்கும் பயமில்ல."

தலைப்பிள்ளை. உம்மாவும் வாப்பாவும் இருக்க, மகள் மாமியார் வீட்டில் போய் இருப்பதா? ஊர் என்ன கதைக்கும்? ஊரை விடுங்கள்... என் பேரப்பிள்ளையை நான் விருந்தாளியாகப் போய்ப் பார்ப்பதா?

அடுத்த நாள் மகள் தன் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "வாப்பா, கார் எத்தினையில போகுதெண்டு இது காட்டும். நேத்து நான் பின்னுக்கு இருந்து பார்த்தன். நாப்பத்தஞ்சி."

போனை நம்பலாமா? மருமகன் அதற்குள் எதையாவது செய்து கொடுத்திருப்பாரோ? அதை என் போனிலேயே போட்டுத் தரச் சொல்லி, தனியாகக் காரை எடுத்தேன்.

முள் ஐம்பது — போன் இருபத்தைந்து. முள் எழுபது — போன் நாற்பத்தைந்து.

காரை ஓரமாக நிறுத்தினேன். ஏனென்றால், வீட்டில் யாருக்கும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு முன், வெயிலில் மங்கிப்போன ஸ்பீட் மீட்டருக்குப் புது இலக்க அட்டை ஒன்று வாங்கினேன். வெள்ளை அட்டை, லைட் போட்டால் நீலமாக எரியும். மெக்கானிக் பாஸ் ஒருவர் மாட்டித் தந்ததாகத்தான் வீட்டில் சொன்னேன். உண்மையில், எல்லோரும் கலியாண வீடொன்றுக்குப் போயிருந்த நேரம், வீடியோ பார்த்து, இரண்டு தேக்கரண்டியால் முள்ளை நெம்பி எடுத்தது நான்தான். அட்டையை மாற்றி, முள்ளைப் பூச்சியத்தில் வைத்துக் குத்தினேன். கரண்டி இரண்டும் வளைந்துபோயின. அவற்றை டிக்கியில் ஒளித்தேன்.

புதன்கிழமை வயரிங் பாஸிடம் போனேன். மருமகனையும் கூட வரச் சொன்னேன். பாஸ் மீட்டர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"முள்ளக் கழட்டினா உள்ளுக்க ஸ்பிரிங் பின்னால போயிரும். அப்பிடியே வெச்சுக் குத்தினா, நிக்கக்குள்ள பூச்சியம் சரியாக் காட்டும், ஓடக்குள்ள கூட்டிக் காட்டும். எந்தப் பாஸ் செஞ்சது இது?"

"பாஸ் இல்ல. நான்தான்" என்றேன். மருமகன் பக்கம் திரும்பவில்லை.

ஓடும்போதுதான் அதைத் திருத்த வேண்டுமாம். காரைதீவுச் சந்தியால் திரும்பி, இரண்டு பக்கமும் வயல் கிடக்கும் அம்பாறை வீதிக்குப் போனோம். மருமகன் ஓட்டினார். பாஸ் அவருக்குப் பக்கத்தில், முள்ளைக் கையில் வைத்தபடி. பின் சீட்டிலிருந்து போனைப் பார்த்து வேகத்தைச் சொல்லும் வேலை எனக்கு.

"அம்பது" என்றேன். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன், ஐம்பது. மதகு ஒன்றைக் கடந்தோம், அப்போதும் ஐம்பதுதான். நானும் எங்காவது வேகம் கூடிவிடாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அசையவில்லை.

"இப்பிடி ஓடுற ஆள் கிடைச்சா எங்கட வேலை லேசு" என்று பாஸ் முள்ளை ஐம்பதில் வைத்துக் குத்தினார்.

பாஸை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கேட்டேன். "மீட்டர் பிழையெண்டு உங்களுக்கு முதலே தெரியுமா மகன்?"

"ஓம் மாமா. முதல் கிழமையே தெரியும். நீங்க ஆசைப்பட்டுப் போட்டது. நான் எப்பிடிச் சொல்ற?"

சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேனா? மாட்டேன். வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் சொன்னேன். "பிழை என்னில. மன்னிச்சிக்கோங்க மகன்." திறப்பை அவர் கையில் கொடுத்தேன். அவர் பயணப் பையைத் தூக்கித் திரும்ப அலுமாரிக்கு மேலே வைத்தார். மகள் அழுதாள். நானும்தான்.

கரண்டிக் கதை மட்டும் பாக்கி. டிக்கியிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் கொடுத்தேன். அவள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"இது உங்கட வேலையா? நான் இத மூணு மாசமாத் தேடுறன். மருமகன்ட உம்மா வந்துட்டுப் போனாவே... அவ எடுத்திருப்பாவெண்டுல்ல நினைச்சிட்டு இருந்தன்."

இதை இங்கே எழுதலாம், மருமகன் இந்தப் பத்தியை வாசிப்பதே இல்லையாம். அவரே சொன்னது. இதையாவது நம்பித்தான் ஆகவேண்டும்.