வெயிலுமுத்து மாட்டிவிட்ட கோட்டு

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வெயிலுமுத்துவின் போட்டோ கடைக்குப் போன எந்த முகமும் கறுப்பாகத் திரும்பியதில்லை. பாஸ்போர்ட் போட்டோவோ, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படமோ, கம்ப்யூட்டரில் ஏறியதும் முதல் வேலை வெள்ளையடிப்புதான். இருபது வருடமாக அதற்காகவே கூட்டம் வருகிறது. மனிதர் கெட்டவர் இல்லை. வந்தவர்கள் சந்தோஷமாகப் போக வேண்டும் என்று நினைக்கிறவர், வம்பே அதில்தான்.

போன செவ்வாய்க்கிழமை பஞ்சு வந்தாள். தோல் பட்டறையில் வேலை பார்த்த அவள் புருஷன் பூலோகம் இறந்து அன்று பதினைந்தாம் நாள். மறுநாள் காரியத்தில் மாலை போட வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. மகள் போனில் எடுத்த ஒரே போட்டோவை வாட்ஸப்பில் அனுப்பி, "பெரிசா போட்டுக் குடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெயிலுமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. வழக்கத்தைவிட அதிகமாகவே மெனக்கெட்டார். முகத்தைச் சிவப்பாக்கினார். நெற்றித் தழும்பை அழித்தார். சட்டை சரியில்லை என்று நீலக் கோட்டும் டையும் மாட்டிவிட்டார். சாயங்காலம் பஞ்சு வந்ததும் படத்தை அவள் முன்னால் நிறுத்தி, "பாருங்க, ஏக்தம், அசல் ஹீரோ மாதிரி இருக்காருல்லா!" என்றார்.

பஞ்சு வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாருண்ணே?"

"உங்க வீட்டுக்காரருதான். கொஞ்சம் பளிச்சுன்னு..."

"இருபத்தாறு வருசம் கூட இருந்த எனக்கே தெரியலையே. நாளைக்கு வாறவிய யாருக்கு மாலை போடுவாவ?"

"எல்லாரும் இப்படித்தாம்மா கேக்காவ."

"எங்க வீட்டுக்காரரு கேட்டாவளா?"

வெயிலுமுத்து கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். அவரிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. என்னைக் கேட்டால், என்றைக்கோ கேட்டிருக்க வேண்டும்.

நல்லவேளை, வாட்ஸப்பில் வந்த படம் அப்படியே இருந்தது. திறந்தார். பழக்கதோஷத்தில் விரல் வெள்ளையடிக்கப் போனது; இழுத்துக்கொண்டார். அளவை மட்டும் பெரிதாக்கி பிரிண்ட் கொடுத்தார். தலைமுடி, தழும்பு, கறுத்த முகம் என்று மெல்ல மெல்ல வெளியே வந்தது.

"இவியதான்" என்றாள் பஞ்சு.

கடைசியில் சட்டை வந்தது. காலர் நைந்து நூல் தொங்கியது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தச் சட்டைய மாத்துங்கன்னு எத்தன தடவ சொன்னேன்! கேட்டியளா?" என்று படத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள். அப்படியே நைந்த காலரைச் சரிசெய்வதுபோல் விரலால் நீவிவிட்டாள்.

மை காயும்முன் படத்தில் கை வைத்தால் யாராக இருந்தாலும் வெயிலுமுத்து திட்டுவார். அன்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.