புது உடைப்பு

பழங்கால மண்பாண்டம் படிக்கும் எங்களுக்குப் புது உடைப்பு என்றாலே எரிச்சல். பழைய உடைப்பின் விளிம்பு மங்கிக் கிடக்கும். தோண்டும்போது உடைந்தது பளிச்சென்று சிவந்திருக்கும். யாரோ கவனமில்லாமல் வேலை பார்த்ததற்கு அதுவே சாட்சி.

மயிலாடும்பாறைப் பக்கம் ஓர் இலவந்தோப்பில் நாங்கள் தோண்டிய குழியில் பெரிய ஈமத்தாழி ஒன்று கிடைத்தது. தோப்புக்காரர் பேச்சியக்கா குழியருகில்கூட வரமாட்டார். "செத்தவுக வீட்டுல எனக்கென்ன சோலி" என்பார்.

அன்று தாழிக்குள் தலையையும் தோளையும் விட்டு அடிமண்ணை வழித்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் மழையில் ஊறியிருந்த குழிச்சுவர் சரிந்து என் முதுகில் விழுந்து தாழியின் வாயையும் அடைத்தது. அசைய முடியவில்லை. வாயெல்லாம் மண். கத்தினால் என் குரல் என் காதுக்கே திரும்பி வந்தது. எலும்புகள் கிடந்த இடத்தில் என் கன்னம் அழுந்தியிருந்தது. அவற்றோடு என்னையும் வைத்து மூடிவிட்டதாகவே நினைத்தேன்.

வெளியே வேலையாள் ஒருவர் தயங்குவது கேட்டது. "தாழிய உடைச்சா ஆபீசர் வைவாக, அக்கா."

"வைஞ்சா வைஞ்சுட்டுப் போறாக. அந்தக் கடப்பாரையக் கொண்டா."

பேச்சியக்காவின் குரல்தான். குழிக்குள் இறங்கியிருந்தார்.

ஒவ்வோர் அடியும் என் பல்லில் அதிர்ந்தது. பக்கவாட்டில் ஓடு பெயர்ந்து வெளிச்சம் வந்தது. பிறகு காற்று.

இப்போது அந்தத் தாழியைத் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சிவந்த விளிம்பு விரலில் படும்போதெல்லாம், ஒட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு முறை நன்றாக மூச்சு விட்டுக்கொள்கிறேன்.