கயிறு முடிந்த சனிக்கிழமை

கடலூர் செம்மண்டலத்தில் வைத்திலிங்கத்தைத் தெரியாத பள்ளிக்கூடப் பிள்ளை கிடையாது. காலையில் அவர்களை வேனில் அடைத்துக்கொண்டு போய் இறக்குவதும், சாயங்காலம் திரும்ப அள்ளிக்கொண்டு வருவதும்தான் அவன் பிழைப்பு. சண்டை, வாந்தி, காணாமல் போன தண்ணீர் பாட்டில், 'அங்கிள், இவன் கிள்றான்' எல்லாம் தீர்த்து வைத்து வெள்ளிக்கிழமை வீடு வந்து சேரும்போது முதுகு ஒரு பக்கமும் இடுப்பு ஒரு பக்கமுமாகக் கழன்று போயிருக்கும். சனிக்கிழமை படுக்கலாம். வருஷத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் அதுவும் கிடையாது. கூட்டாளிகளோடு சிதம்பரம் போகிற சனிக்கிழமை அது.

கூட்டாளிகள் என்றால் பெரிய படை இல்லை. கரண்ட் ஆபீசில் வயர்மேனாக இருக்கும் அன்பரசு, பேனர் அச்சடிக்கும் கதிரவன், அப்புறம் வைத்தி. புவனகிரிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே கணக்குப் பரீட்சையில் சேர்ந்து கோட்டை விட்டவர்கள். இப்போது மூவரும் கடலூர்வாசிகள். ஊர் சுற்ற வேண்டுமென்றால் பாண்டிதானே பக்கம் என்று கேட்கலாம். பக்கம்தான். ஆனால் பாண்டியில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அடுத்த டேபிளில் செம்மண்டலத்து ஆள் ஒருவர் உட்கார்ந்து, 'என்னா, ஃபேமிலி வரலியா?' என்று விசாரிப்பார். அதனால் வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பினார்கள். சாப்பாடும் அங்கேதான் நன்றாக இருக்கிறது.

வைத்தி குடிக்க மாட்டான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வாடை பட்டாலே அவனுக்குக் குமட்டும், அவ்வளவுதான். ஆனால் குடிக்காதவன் ஒருத்தன் கூட இருப்பது மற்ற இரண்டு பேருக்கும் எத்தனை வசதி என்று யோசித்துப் பாருங்கள். வண்டி ஓட்ட ஆள் ஆச்சு. வாந்தி எடுத்தால் தலையைப் பிடிக்க ஆள் ஆச்சு. வீட்டிலிருந்து போன் வந்தால் 'கோயில்ல இருக்கோம்மா, சத்தமா இருக்கு' என்று கூசாமல் புளுக ஆள் ஆச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, 'வைத்தி அண்ணன் வர்றாருன்னா போயிட்டு வாங்க' என்று பெண்டாட்டிகள் அனுமதி கொடுத்துவிடுவார்கள். உல்லாசப் பயணம் அவர்களுக்கு, காவல் டூட்டி இவனுக்கு. வர மாட்டேன் என்று சொல்லவும் வாய் வராது.

இந்த வருஷம் போக வேண்டாம் என்றுதான் நினைத்தான். போன வருஷம் அன்பரசு மஞ்சள் காமாலையில் படுத்து, பிழைப்பானா மாட்டானா என்று ஆகிவிட்டது. இன்னொரு தடவை குடித்தால் இங்கே தூக்கிக்கொண்டு வராதீர்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அதன் பிறகுதான் அவன் பெண்டாட்டி வெண்மதி அவனைக் கயிறு கட்ட அழைத்துப் போனாள். விழுப்புரம் பக்கத்தில் ஒரு அய்யனார் கோயில். குடியை விட நினைக்கிறவன் அங்கே குளித்துவிட்டு ஈரத் துணியோடு நின்று, இன்ன காலம் வரைக்கும் தொட மாட்டேன் என்று பூசாரியிடம் கெடு சொல்ல வேண்டும். பூசாரி மணிக்கட்டில் கயிறு கட்டிவிடுவார். கெடுவை நம் இஷ்டத்துக்குச் சொல்லலாம், ஆயுசுக்கும் சொல்லலாம், அய்யனார் பேரம் பேச மாட்டார். ஆனால் சொன்ன கெடுவுக்குள் தொட்டால் ரத்த வாந்திதான் என்று இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பயம். டாக்டரை மதிக்காதவனும் அய்யனாரை மதிப்பான்.

வைத்தியின் வேனில்தான் போனார்கள். வேனை நிறுத்த இடம் தேடி அலைந்து அவன் திரும்புவதற்குள் கயிறு கட்டி முடிந்திருந்தது. "ஒரு வருஷம் மச்சான்" என்று அன்பரசு கையைத் தூக்கிக் காட்டினான். வைத்தி நம்பினான். நம்பாமல் என்ன செய்வது, சாமி காரியம்.

அன்பரசின் கையில் கயிறு இருக்கிற தைரியத்தில்தான் வைத்தி இப்போதும் கிளம்பினான். தேதி குறித்தது அன்பரசு. வாசலில் வெண்மதி மாத்திரைப் பையை வைத்தியிடம் கொடுத்தாள். அங்கன்வாடி டீச்சர் அவள். முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுவாள். இப்போது கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், "பாத்துக்கோங்கண்ணே" என்றதோடு உள்ளே போய்விட்டாள்.

சிதம்பரம் போய்ச் சேர்ந்ததும் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். கதிரவன் கொத்சைக் கேட்டுக் கேட்டு வாங்கி, சட்னிக் கிண்ணத்தைத் தள்ளியே வைத்துவிட்டான். அங்கிருந்து கடலோரக் கிள்ளைக்கு ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினான். இறாலும் நண்டும் வாங்கித் தெரிந்த மெஸ் அம்மாவிடம் கொடுத்து, மிளகு தூக்கலாகச் செய்யச் சொல்லிவிட்டுத் திரும்ப டவுனுக்குள் வந்து லாட்ஜில் ரூம் போட்டார்கள். மத்தியானம் மறுபடி மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். நண்டு அருமையாக இருந்தது. அன்பரசு ஓட்டை உறிஞ்சி உறிஞ்சி, காமாலைக்குப் பிறகு இன்றைக்குத்தான் நாக்குக்கு உறைப்பாக ஒன்று கிடைத்தது என்று சொன்னபோது வைத்திக்கே சந்தோஷமாக இருந்தது. பரவாயில்லை, இந்த வருஷம் ஒருத்தன் தலையைத்தான் பிடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

ரூமுக்கு வந்ததும் கட்டிலில் காலை நீட்டினான். கண் சொக்கியது. கதிரவன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தான். சோடா, மிக்சர், வேர்க்கடலை. இரண்டு டம்ளர்.

"எதுக்குடா ரெண்டு?" என்றான் வைத்தி.

கதிரவன் அன்பரசைப் பார்த்தான். அன்பரசு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கயிறு முடிஞ்சிடுச்சு மச்சான்."

"ஒரு வருஷம்னியே?"

"உன்கிட்டயும் வெண்மதிகிட்டயும் அப்டி சொன்னேன். பூசாரிகிட்ட தை முடியத்தான் சொன்னேன். இப்ப மாசி பொறந்துடுச்சு. சாமி குத்தம் ஒண்ணும் கெடையாது."

பயணத்துக்கு இந்தத் தேதியை அன்பரசு ஏன் குறித்தான் என்பது அப்போதுதான் வைத்திக்கு உறைத்தது. அய்யனாரைக்கூட ஏமாற்றாமல் பெண்டாட்டியையும் சிநேகிதனையும் மட்டும் ஏமாற்றியிருக்கிறான். இவனல்லவா ஆள்.

"டாக்டர் சொன்னது?"

"டாக்டருங்க எல்லாத்தையும் ஜாஸ்தியாத்தான் சொல்வாங்க. ஒரு ரவுண்டு மச்சான். அதோட சரி."

வைத்திக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பாட்டிலைத் தூக்கி உடைத்திருக்க வேண்டும். வரவில்லை. அலுப்புதான் வந்தது. பிள்ளைகளையாவது மிஸ்ஸிடம் ஒப்படைத்துவிட்டு வரலாம். இவனை எங்கே ஒப்படைப்பது? எழுந்து, செருப்புகூடப் போடாமல், போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். இத்தனை வருஷம் புளுகிய வாயால் இன்றைக்கு உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். அவளே பேசித் தடுக்கட்டும்.

வெண்மதி உடனே எடுத்தாள்.

"தங்கச்சி, அன்பு நம்மள ஏமாத்திட்டாம்மா. கயிறு தையோட முடிஞ்சிடுச்சாம். இங்க பாட்டில வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கான்."

அந்தப் பக்கம் அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

"தெரியும்ணே" என்றாள். "கட்டும்போது பக்கத்துலதான நின்னேன். பூசாரிகிட்ட அவரு மெல்ல சொன்னது காதுல வுழுந்துச்சு. தை வரைக்குமாவது சொன்னாரேன்னு கம்முனு இருந்துட்டேன்."

"தெரிஞ்சேவா அனுப்புன?"

"கயிறு கட்டுனதுக்கப்புறமும் எனக்குத் தூக்கம் இல்லண்ணே. ராத்திரில கதவு அசைஞ்சாலும் முழிச்சிக்குறேன். வெளில போறாரான்னு பாக்குறேன். போகலன்னா மூச்சு வருதான்னு பாக்குறேன். பகல்ல பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கறப்ப நின்னுக்கிட்டே தூங்குறேன். ரெண்டு நாளைக்கு அவரு கண்ணு முன்ன இல்லன்னா தூங்கலாமேன்னு அனுப்பிச்சேன். நீங்க இருக்கீங்கன்னுதான் அனுப்பிச்சேன்."

"நான் அவன் கையப் புடிச்சிக்கிட்டேவா இருக்க முடியும்மா?"

"முடியாதுண்ணே. என்னாலயும் முடியல." பிறகு, "இப்பதான் பாயப் போட்டேன். படுக்கவாண்ணே?" என்று கேட்டாள். அனுமதி கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"படும்மா" என்றான் வைத்தி. வேறென்ன சொல்வது? வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றான். தன்னைப்போல் அலுத்தவன் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே அன்பரசு டம்ளரைக் கையில் வைத்திருந்தான். வாயில் வைக்கவில்லை. வைத்தி வந்து திட்டி முடித்துவிடட்டும், பிறகு நிம்மதியாகக் குடிக்கலாம் என்று காத்திருந்த மாதிரி தெரிந்தது.

வைத்தி திட்டவில்லை. "வெண்மதிக்கு எல்லாம் தெரியுமாம். நீ பூசாரிகிட்ட சொல்லும்போதே காதுல வாங்கிடுச்சாம்" என்றான்.

அன்பரசு டம்ளரை மேசையில் வைத்தான். "தெரிஞ்சும் எதுக்கு அனுப்பிச்சிச்சு?"

"தூங்கறதுக்கு."

"என்னா?"

"நீ வீட்டுல இருந்தா அதால தூங்க முடியலியாம். நீ குடிச்சாலும் முடியலியாம், குடிக்கலன்னாலும் முடியலியாம். நீ மூச்சு வுடுறியான்னு எழுந்து எழுந்து பாக்குதாம். இப்பதான் படுத்திருக்கு."

கதிரவன் வேர்க்கடலையை மெல்வதை நிறுத்திவிட்டான். அன்பரசு தலையைக் குனிந்துகொண்டு, மணிக்கட்டில் இருந்த கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து சட்டையை மாட்டினான்.

"வண்டிய எடு மச்சான். வீட்டுக்குப் போயிடலாம். அதுகிட்ட ரெண்டு வார்த்த பேசணும்."

"ஒக்காரு" என்றான் வைத்தி.

"இல்லடா, நான் போயி..."

"போயி என்னா செய்வ? கதவத் தட்டுவ. அது அலறி அடிச்சிக்கிட்டு எழுந்துக்கும். நீ அழுவ. அது உன்னைத் தேத்தணும். அப்புறம் உனக்குச் சோறு வடிக்கணும். நாளைக்குப் பொழுது சாஞ்சிதான் வண்டி எடுப்பேன். அது வரைக்கும் அந்தப் பொண்ணு தூங்கட்டும்."

அன்பரசு சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தான். வைத்தி கட்டிலில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

"நானும் தூங்கப் போறேன். குடிச்சா குடி. எதுக்கும் என்னை எழுப்பாத."

கதிரவன் தன் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டுத் தரையிலேயே சாய்ந்து, கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டான். அன்பரசின் டம்ளர் ஊற்றி வைத்தது வைத்தபடியே இருந்தது. அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் கடலூரில் வெண்மதி தூங்கினாள், சிதம்பரத்தில் வைத்தி தூங்கினான். அன்பரசு மட்டும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.