சர்க்கார் வண்டி

மதியச் சோறு சூடாக வேண்டுமென்று, மகளை இரண்டு வருடம் பள்ளிக்கு அனுப்பாத முட்டாள் நான். நான் தோல் பதனிடும் ஆம்பூர் டேனரிக்கு அவள்தான் தூக்குச்சட்டி எடுத்து வருவாள். அந்தச் சோறும் பாதி நாள் ஆறியே வரும்.

அவளைப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி டீச்சரம்மா டேனரி வாசலுக்கே வந்தார். "புள்ளைங்கள இட்டுனு போறது சர்க்கார் வேலைம்மா. வண்டி அனுப்பச் சொல்லு" என்றேன். கூட்டாளிகள் சிரித்ததில் எனக்குப் பெருமை வேறு.

மறுநாள் சோறு வரவில்லை. வாசலுக்கும் தோல் தொட்டிக்கும் நடந்து பார்த்துவிட்டு, பயத்தில் வீட்டுக்கு ஓடினேன். வழியில் பள்ளி ஜன்னலுக்குள் மகள். என்னைப் பார்த்ததும் சிலேட்டை வைத்துவிட்டு எழுந்தாள்.

"சோறு எடுத்தாறேம்ப்பா."

"நீ உக்காரும்மா" என்றேன். என்னால்தான் அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டில் மனைவி நிமிரவேயில்லை. "டீச்சரம்மா எல்லாம் சொன்னாங்க. நான்தான் சேத்தேன். இன்னாய்யா, உன் சோத்துக்கும் சர்க்கார் வண்டி வரணுமா?"