ஆறாவது வால்வு மூடியாச்சு

என் வீட்டுக்காரர் தண்ணீர் வால்வு திறந்து மூடுகிறவர். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. எந்தத் தெருவுக்கு எந்த வால்வு, எத்தனை சுற்றில் மூடும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மகள் என்ன வகுப்பு என்று கேளுங்கள், திருதிருவென்று முழிப்பார்.

இப்போது அவருக்குக் கூட்டாளி, கைப்பேசியில் இருக்கும் ஏஐ. குழாய் உடைந்தால் எதை முதலில் மூடுவது என்று அதோடு பேசித்தான் முடிவு செய்வார். என்னிடம்கூட அவ்வளவு பேசியதில்லை. ஒவ்வொரு வால்வையும் மூடியதும் "மூடியாச்சு, முப்பத்தெட்டு சுற்று" என்று அதனிடம் சொல்ல வேண்டும். ஷிப்ட் முடியும்போது வேலையை அதிலேயே சேமித்துவிட்டால், அடுத்து வருகிறவர் அதைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இதில் இவரோடு வேலை பார்ப்பவர்கள் ஒரு வில்லங்கம் பண்ணி வைத்திருந்தார்கள். வால்வுக் குழிக்குள் சிக்னல் கிடைக்காது. இறங்கி, மூடி, ஏறி, கை துடைத்து அப்புறம் சொல்ல யாருக்குப் பொறுமை? மேலே நிற்கும்போதே "மூடியாச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். சுற்றுக் கணக்கை ஏறி வந்து சேர்ப்பார்கள். இவரும் அந்தக் கும்பலில் ஒருத்தர்தான்.

அன்று பெரிய குழாய் ஒன்று உடைந்துவிட்டது. ஏழு வால்வையும் மூடினால்தான், இரண்டாள் ஆழப் பள்ளத்தில் இறங்கி உடைந்த துண்டை அறுத்து எடுக்க முடியும். அறுக்க வேண்டியவன் ஃபிட்டர், என் சொந்தத் தம்பி. அவன் ஷிப்ட் ஒரு மணிக்கு. மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டமும் ஒரு மணிக்குத்தான். பன்னிரண்டே முக்காலுக்கு இவருக்கு போன் போட்டு, "மறந்துட்டீங்கதானே?" என்று கத்தினேன். "இதோ, சேமிச்சுட்டு வந்துடறேன்" என்றார். அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டவள் நான்தான். அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பள்ளியில் எங்களுக்கு முன்னால் நிறையப் பேர். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மணி ஒன்றே முக்கால்.

"என்ன அதிசயம், கால்சட்டையில சேறு இல்லாம வந்திருக்கீங்க! பொண்ணு பள்ளிக்கூடம்னா மட்டும் மரியாதையா?" என்று சீண்டினேன்.

குனிந்து முழங்காலைப் பார்த்தார். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"ஆறாவது குழியில எப்பவும் முழங்கால் சேறு இருக்கும். அது ஒண்ணுதான் பாக்கி. நீ கூப்பிட்டப்போ மூடியாச்சுன்னு சொல்லிட்டு நின்னேன். இறங்கவே இல்ல!"

"அதனால என்ன?"

"ரெண்டு மணிக்கு அந்தப் பக்கத் தொட்டி தானா திறக்கும். தண்ணி பூரா நேரா பள்ளத்துக்குத்தான் போகும். மச்சான் உள்ள இருப்பான்."

தம்பிக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே. மேலதிகாரி எண் பிஸி. இவர் கைப்பேசியில் அந்த வேலையைத் திறந்து, "ஆறு திறந்திருக்கு, மச்சானை மேல ஏறச் சொல்லு" என்று கத்தினார். "பதிவை மாற்றிவிட்டேன். ஆனால் அவர் கைப்பேசிக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. என்னை நம்பிக் காத்திருக்க வேண்டாம்" என்றது அது.

பள்ளம் இருபது நிமிடத் தூரம். ஆறாவது வால்வு நாலு தெரு தள்ளி. "வால்வுக்குத்தான்" என்று ஸ்கூட்டரை முறுக்கினார்.

குழியின் இரும்பு மூடியை இருவரும் சேர்ந்து புரட்டினோம். என் விரல் நசுங்கியது, வலியே தெரியவில்லை. அவர் சேற்றில் குதித்துச் சக்கரத்தைப் பிடித்தார். ஒவ்வொரு சுற்றையும் கத்திக் கத்தி எண்ணினார். முப்பதில் சக்கரம் இறுகிக்கொண்டது.

"ஏங்க, மணி ரெண்டு!"

குழாய்க்குள் தண்ணீர் உறுமும் சத்தம் மேலே எனக்கே கேட்டது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். முப்பத்தொன்று. கடவுளே, என் தம்பி. முப்பத்தைந்து. நாற்பது. நாற்பத்திரண்டில் உறுமல் அடங்கியது.

பள்ளத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தம்பி மேலே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். இடுப்புவரை ஈரம்.

"திடீர்னு தண்ணி வந்துச்சு மாமா, அப்புறம் நின்னுடுச்சு. அக்கா, நீ எங்க இங்க?"

அவன் முதுகில் ரெண்டு கையாலும் அடித்து ஓவென்று அழுதேன். டீ கொட்டிப்போனது.

இவர் கைப்பேசியில் ஒரு வரியைக் காட்டினார். சேமித்த வேலையை ஒரு மணிக்குத் தம்பி திறந்தபோது ஏஐ சொன்னது: "ஏழும் மூடியதாகச் சொல்லப்பட்டது. ஆறாவதற்கு மட்டும் சுற்றுக் கணக்கு இல்லை. இறங்குமுன் பார்த்துவிடுங்கள்."

"இதைப் படிக்கலையா?"

"படிச்சேன். நீங்க சொன்னதாச்சே மாமா, அதைப் போய்ப் பார்ப்பாங்களான்னு இறங்கிட்டேன்."

இவர் மண்மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "இன்னைக்கு வேலையைச் சேமி" என்றார்.

"ஆறாவது வால்வு பன்னிரண்டே முக்காலுக்கு மூடியதாகவும் ஒன்றே முக்காலுக்குத் திறந்திருந்ததாகவும் பதிவு இருக்கிறது. காரணம் என்னவென்று எழுதட்டும்?" என்று கேட்டது அது.

தம்பி பாய்ந்து வந்தான். "யாரோ திறந்துட்டாங்கன்னு சொல்லுங்க மாமா. மேலதிகாரி பார்த்தா உங்க வேலையே போயிடும்."

எனக்கும் வாய்வரை அதுதான் வந்தது. மறைக்க மாட்டேன்.

"யாரும் திறக்கல. நான் மூடல. இறங்காமலே மூடியாச்சுன்னு சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொல்றோம், அதையும் எழுது."

"உங்கள் பெயரிலேயே சேமிக்கட்டுமா?"

தம்பியின் ஈரக் கால்சட்டையைப் பார்த்தார்.

"என் பேர்லயே போடு" என்றார்.