அறுபத்தொன்றாம் நாள்

என் அப்பா எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்க இரண்டு வருடம் ஆனது. முதல் லீவில் பெடல் மிதிக்கச் சொல்லிக்கொடுத்தார். பிரேக் பிடிக்கச் சொல்லித்தருவதற்குள் லீவு முடிந்து பட்டாளத்துக்குத் திரும்பிவிட்டார். நடுவில் ஒரு வருடம் எதன்மீதாவது மோதித்தான் நின்றுகொண்டிருந்தேன். முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

பத்தொன்பது வயதில் சேர்ந்தவர், இருபத்தெட்டு வருடம் பட்டாளத்து லாரி ஓட்டினார். பனி மூடிய மலைப்பாதைகளில், ஒரு பக்கத்துச் சக்கரம் பள்ளத்தை எட்டிப் பார்க்க, ஆட்களையும் மூட்டைகளையும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார். நான் பிறந்த செய்தியே அவருக்குப் பதினோரு நாள் கழித்துத்தான் கிடைத்ததாம்.

வருடத்துக்கு அறுபது நாள் லீவு. அவர் வந்த அன்றே சமையலறைக் காலண்டரில் அம்மா பென்சிலால் ஒரு கோடு போடுவாள். தினமும் ஒரு கோடு. அறுபதாவது கோடு விழும் காலையில் அவர் பெட்டியை அவளே அடுக்கிக் கொடுத்து, வாசலில் நின்று, "பாத்துப் போங்க" என்பாள். "போகாதீங்க" என்று ஒரு தடவைகூடச் சொல்லி நான் கேட்டதில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன்.

போன வருடம் ஓய்வு பெற்று, அதே தகரப் பெட்டியோடு ஒரேயடியாக வந்துவிட்டார். வந்தவர் விருந்தாளி மாதிரியே இருந்தார். எந்த சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும் என்று தெரியாது. "குளிக்கப் போகட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். பல் துலக்கும் பிரஷ்ஷைப் பெட்டியிலிருந்து எடுப்பார், துலக்குவார், ஈரத்தை உதறித் திரும்பவும் பெட்டிக்குள் வைப்பார். சும்மா இருக்க முடியாமல் ஒருநாள் வீட்டிலிருந்த செருப்புக்கெல்லாம் பாலிஷ் போட்டுவிட்டார்.

"அப்பா, ரப்பர் செருப்புக்கு யாராவது பாலிஷ் போடுவாங்களா?"

"தூசியா இருந்துச்சு பாப்பா."

அம்மா மேலும் தப்பு இருக்கிறது. இத்தனை வருடம் தனி ஆளாக வீட்டைக் கட்டி மேய்த்தவள். ஃப்யூஸ் போனால் அவளே போடுவாள், மோட்டார் அடம்பிடித்தால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போவாள். அப்பா எதில் கை வைத்தாலும், "விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். பாவம், இப்போதாவது உட்காரட்டுமே என்றுதான். ஆனால் லாரி எஞ்சினையே பிரித்துப் பூட்டிய மனுஷனுக்கு ஒரு குழாய் வாஷரைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை என்றால்? எனக்குக் கோபம் வந்தது. வாயைத் திறக்காமல் இருந்தேன். அது என் பங்குத் தப்பு.

ஐம்பது நாள் ஆகியிருக்கும். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு அப்பா வந்து, கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றார்.

"பாப்பா, ஒரு வேலை கிடைச்சிருக்கு. தூரத்துல ஒரு ஃபேக்டரி. காவல் வேலை. தங்க இடமும் தராங்க."

"இப்பதானேப்பா வந்தீங்க?"

"அம்மா கோடு போட்டுக்கிட்டே வரா, நீ பாக்கலையா? அறுபத்தொண்ணாவது நாள்ல வட்டம் வேற போட்டு வச்சிருக்கா. எப்படா கிளம்புவார்னு இருக்கும் போல. அவளைச் சொல்லி என்ன? நான்தான் இடைஞ்சலா இருக்கேன்."

கோடுகளை நானும் பார்த்திருந்தேன். பழக்கதோஷம் என்று விட்டுவிட்டேன். அன்று வீட்டுக்குப் போனதும் அந்த வட்டத்தையும் பார்த்தேன்; எதற்கென்று புரியவில்லை.

அம்மாவிடம் அவரே சொன்னார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. "எப்ப கிளம்பணும்?" என்று கேட்டாள்.

"வழக்கம்போல. அறுபதாவது நாள் காலைல ஒன்பது மணி பஸ்."

"சரிங்க."

அவ்வளவுதான். இரண்டு பேரையும் உட்கார வைத்து நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது எனக்கு.

அறுபதாவது நாள் காலையில் அப்பா குளித்துவிட்டு, பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அம்மா சமையலறையை விட்டு வரவே இல்லை.

"பெட்டி அடுக்கணுமே," என்றார்.

"நீங்களே அடுக்கிக்குங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"என் சட்டையெல்லாம் எங்க இருக்கு?"

"வீட்டுக்குள்ளதான் இருக்கு. தேடுங்க."

தேடினார். முதல் அலமாரியில் அம்மாவின் புடவைகள். அடுத்ததில் என் பழைய பள்ளிக்கூட நோட்டுகள். பீரோவின் மேல்தட்டில் நாடா போட்டுக் கட்டிய ஒரு சுருள். சட்டைகள் என்று நினைத்து அவிழ்த்தார். அத்தனையும் பழைய காலண்டர்கள். ஒவ்வொன்றிலும் அறுபது பென்சில் கோடு. அதற்கு மேல் எதிலும் ஒரு கோடுகூட இல்லை.

"இதையெல்லாம் எதுக்கு வச்சிருக்கே?"

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அறுபத்தொண்ணாவது நாள் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. ஒரு வருஷம்கூடப் பாத்ததில்ல. இந்தத் தடவை பாத்துடலாம்னுதான் வட்டம் போட்டு வச்சேன். நீங்க என்னடான்னா வேலை கிடைச்சிருக்குன்னு வந்து நிக்கிறீங்க."

"நீ என்னை அனுப்பத்தான் எண்ணறேன்னு நினைச்சேன்."

"உங்க புத்தி லாரிக்குத்தான் லாயக்கு," என்று சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது அவளுக்கு. "ஒவ்வொரு தடவையும் போகாதீங்கன்னு சொல்ல வாய் வரும். சொன்னா அந்த மலை ரோட்டுல அதையே நினைச்சுக்கிட்டு வண்டி ஓட்டுவீங்களேன்னு முழுங்கிடுவேன். இப்ப எந்த மலையும் இல்ல. போகாதீங்க."

அப்பா காலண்டர்களை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் அம்மாவும் உட்கார்ந்தாள். தெருமுனையில் ஒன்பது மணி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. போக மனசில்லை.

மறுநாள் காலையிலேயே மோட்டார் நின்றுபோனது. அம்மா ஸ்பேனரை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். அவர் இரண்டு மணி நேரம் போராடி, சரியாயிருந்த இன்னொரு குழாயையும் கழற்றிவிட்டார். வீடெல்லாம் தண்ணீர். அம்மா கத்தினாள், அவரும் பதிலுக்குக் கத்தினார். எங்கள் வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

முகம் கழுவப் போனேன். குவளையில் எங்கள் இரண்டு பிரஷ்களோடு மூன்றாவதாக ஒன்று நின்றது. கோடு போட்டாளா என்று காலண்டரைப் பார்த்தேன். வட்டம் அப்படியே இருந்தது. சண்டை மும்முரத்தில் அம்மா மறந்தே போயிருந்தாள்.